பூனை நகக் கப்சூல்: அம்மாவுக்கு வாங்கிய போத்தல்

போன மாதம் வெள்ளவத்தையில், காலி வீதியோரமாக இருக்கும் ஒரு சத்துமருந்துக் கடையில் ‘கேட்ஸ் க்ளோ’, அதாவது பூனை நகம் என்ற கொடியின் பட்டைக் கப்சூல், ஒரு போத்தல் வாங்கினேன். 90 கப்சூல், 9,400 ரூபாய். அம்மாவுக்கு 71 வயது, பதினொரு வருடமாக முடக்குவாதம். காலையில் எழும்பினால் விரல்கள் மடங்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும். கனடாவில் இருக்கும் சித்தி போனில், “பிள்ளை, இங்க கனபேர் இதைத்தான் எடுக்கினம், அம்மாவுக்கும் ஒருக்கா வாங்கிக் குடு” என்றார். சித்தி சொன்னால் அம்மா மறுபேச்சுப் பேச மாட்டார்.

முதலில் போத்தலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் திருப்ப வேண்டும். அம்மாவின் வலது கைப் பெருவிரலடி வீங்கியிருக்கிறது, அழுத்த முடியாது. மூட்டு நோவுக்கென்று விற்கும் மருந்தை மூட்டு நோ உள்ளவரால் திறக்க முடியவில்லை. ஒன்பது நாளும் நான்தான் திறந்து கொடுத்தேன். ஒரு கப்சூலைப் பிரித்துத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். செம்மண் நிறத்தில் நாரும் தூளுமாக இருந்தது. நாக்கில் வைத்தால் கைப்பு, பிறகு வாயை இழுக்கிற துவர்ப்பு. வெற்றிலைக்குப் போடும் காசுக்கட்டியில் ஒருவகை இதே இனத்துச் செடி ஒன்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்று பிறகு வாசித்தபோது அந்தத் துவர்ப்பு விளங்கியது.

இது பெரு நாட்டுக் கொடி. ஆண்டிஸ் மலையின் கிழக்கு அடிவாரத்திலும் அமேசான் காட்டிலும் மரங்களைப் பற்றி ஏறும். இலைக்காம்பருகே பூனை நகம் போல வளைந்த முள் இருக்கும், பெயரும் அதனால்தான். அங்குள்ள அஷானிங்கா மக்கள் பட்டையை அவித்துக் குடித்து வந்திருக்கிறார்கள். தாவரவியல் பெயர் அன்காரியா டொமென்டோசா. அன்காரியா கியானென்சிஸ் என்று இன்னொன்றும் உண்டு, இரண்டையுமே பூனை நகம் என்றுதான் விற்கிறார்கள். அமெரிக்காவில் அதே பெயரில் ஒரு வேல மரமும் இருக்கிறது. அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதால் அது உள்ளே கலந்துவிட்டால் ஆபத்து. என் போத்தலின் லேபலில் ‘பூனை நகப் பட்டை 500 மில்லிகிராம்’ என்று மட்டும் இருந்தது, எந்தச் செடி என்று இல்லை. காலாவதித் திகதிக்கு மேல் இறக்குமதியாளரின் ஸ்டிக்கர். வாங்கும்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

கடையில் நின்ற தம்பி, “அன்ரி, இது முழுக்க இயற்கை, ஒரு பக்கவிளைவும் வராது” என்றார். அம்மா வேறென்ன மருந்து எடுக்கிறார் என்று அவர் கேட்கவே இல்லை. அதே கிழமை புறக்கோட்டை கேபோஸ் லேனில் ஒரு நாட்டுமருந்துக் கடை ஐயாவிடம் போத்தலைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இது எங்கட சரக்கில்லை தங்கச்சி. தெரியாத மருந்துக்கு நான் அளவு சொல்லக் கூடாது” என்று திருப்பித் தந்தார். ஒரு சதம் வாங்காத அந்த ஐயா சொன்னதுதான் எனக்கு அன்று கிடைத்த சரியான ஆலோசனை. ஆனாலும் இரவு கப்சூலைக் கொடுத்தேன்.

நாலாம் நாள் அம்மாவுக்கு வயிற்றோட்டம். ஏழாம் நாள் கட்டிலால் எழும்பும்போது தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிரஷருக்கு லொசார்ட்டன் எடுக்கிறவர். கப்சூலால்தான் வந்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பட்டை வயிற்றைக் குழப்பலாம், தலைசுற்ற வைக்கலாம், பிரஷரையும் இறக்கலாம் என்பது முன்பே எழுதப்பட்டிருக்கிற விஷயம். ஒன்பதாம் நாள் கிளினிக். டொக்டரிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “மெத்தோட்ரெக்சேட்டோட சேர்த்தா?” அம்மா முடக்குவாதத்துக்கு எடுக்கும் மருந்து அது. உடனே நிறுத்தச் சொல்லி இரத்தப் பரிசோதனைக்குத் துண்டு எழுதினார். சிறுநீரகமும் ஈரலும் நல்லபடி இருந்தன. அந்த ரிப்போர்ட் கைக்கு வரும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து தேடி வாசித்தேன். இந்தக் கொடிக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. முடக்குவாதத்தில் நடந்த முக்கியமான ஆய்வு ஆஸ்திரியாவில், 2002இல் வெளியானது. 40 நோயாளிகள். முதல் 24 கிழமையில் பட்டைச் சாறு எடுத்தவர்களுக்கு நோகும் மூட்டுகளின் எண்ணிக்கை 53 சதவீதம் குறைந்தது, வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கு 24 சதவீதம். நல்ல செய்திதான், ஆனால் நாற்பதே பேர். அவர்களுக்குக் கொடுத்ததும் சும்மா இடித்த பட்டையல்ல. குறிப்பிட்ட வகைக் கொடியாகத் தெரிந்தெடுத்து, வேதிப்பொருளை அளந்து எடுத்த சாறு, நாளுக்கு 60 மில்லிகிராம். எங்கள் போத்தலில் இருந்ததோ அளவே தெரியாத தூள், நாளுக்கு 1,000 மில்லிகிராம். அந்த ஆய்வின் பெறுபேற்றை இந்தப் போத்தலுக்குப் பொருத்தவே முடியாது.

2001இல் வெளியான பெரு நாட்டு ஆய்வு முழங்கால் தேய்மானத்துக்கானது: 45 பேர், நாலு கிழமை, கியானென்சிஸ் செடி. நடக்கும்போது வரும் நோ குறைந்தது. இரவு நோவிலும் முழங்கால் வீக்கத்திலும் சொல்லும்படி மாற்றமில்லை. தேய்மானமும் முடக்குவாதமும் வேறு வேறு நோய், சித்தியின் சிநேகிதிகளுக்கு எது என்று நான் கேட்கவும் இல்லை.

எனக்கு உறைத்தது இதுதான். ஆஸ்திரிய ஆய்வில் இருந்தவர்கள் சல்பசலசீன் அல்லது ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்ற வேறு முடக்குவாத மருந்துகள் எடுத்தவர்கள். அம்மா எடுப்பது மெத்தோட்ரெக்சேட், கிழமைக்கு ஒருநாள். அது உடம்பை விட்டுப் போவது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக. சிறுநீரகம் மந்தமானால் மருந்து உடம்பில் தேங்கிவிடும். பூனை நகம் எடுத்த ஒரு லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) நோயாளிக்குச் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டதாக 1990களிலேயே மருத்துவ இதழில் வந்திருக்கிறது. எச்.ஐ.வி. மருந்து எடுத்த இன்னொருவருக்கு அந்த மருந்துகளின் அளவு இரத்தத்தில் ஏறியிருக்கிறது. இரண்டும் தனித்தனி ஆட்களின் கதைதான். ஆனாலும் அம்மாவை மூன்றாவது கதையாக்க எனக்கு மனமில்லை.

இரத்தம் கட்டியாகாமல் இருக்க வார்பரின் எடுப்பவர்கள், பிரஷர் குளிசை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சத்திரசிகிச்சைக்குத் திகதி வைத்திருப்பவர்கள், லூபஸ் போன்ற நோயுள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். அப்படியும் வாங்குவதென்றால் லேபலில் செடியின் முழுப் பெயரும், தூளா சாறா என்பதும், தொகுதி இலக்கமும் இருக்கிறதா என்று கடையிலேயே நின்று வாசியுங்கள். ஏற்கெனவே எடுக்கும் குளிசைகளை மட்டும் இதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

கடைக்குப் பற்றுச்சீட்டோடு போனேன். திறந்த போத்தலைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். சரி, அது அவர்கள் வழக்கம். ஸ்டிக்கருக்குக் கீழே என்ன திகதி என்று கேட்டதற்குத்தான் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், அச்சும் சேர்ந்து உரிந்துவிட்டது.

மீதி 72 கப்சூலும் போத்தலோடு அம்மாவின் கிளினிக் பைக்குள் இருக்கின்றன. அடுத்த முறை வரும்போது லேபலைத் தான் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.