அலாஸ்கா கப்பல் பயணம்: எந்தப் பனியாறு என்று பெயர் கேட்டு எழுதி வாங்குங்கள்

கடந்த ஜூன் மாதம் என் பெற்றோர், மனைவி, நான் ஆகிய நால்வரும் சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்கு ஏழு இரவுக் கப்பல் பயணம் சென்று திரும்பினோம். பயணத்தை ஏற்பாடு செய்தவர் கலிபோர்னியாவில் எங்கள் பகுதித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பலருக்கும் அறிமுகமான ஒரு பயண முகவர். அவர்மீது புகார் அளித்திருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். நடந்ததை மட்டும் வரிசையாக எழுதுகிறேன். ஊரிலிருந்து வரும் பெற்றோரை அழைத்துச் செல்லத் திட்டமிடுபவர்களுக்குப் பயன்படும்.

என் தந்தையார் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காவிரிப் பாசனக் கால்வாய்களில் நீரளவு பார்த்தே பணிக்காலத்தைக் கழித்த அவருக்கு, உறைந்த நிலையிலேயே நகர்ந்து வந்து கடலில் இடிந்து விழும் ஓர் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வெகுநாளாக இருந்தது. முகவரிடம் இதைச் சொன்னபோது அவர் அனுப்பிய விளம்பரத் தாளில் மார்ஜரி பனியாற்றின் படமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பனியாற்றின் படமும் இருந்தன. இரண்டுமே கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை. "அண்ணா, கிளேசியர் பே போகும் கப்பல் இது, அதனால்தான் விலை கொஞ்சம் கூட. அப்பா அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று குரல் பதிவாகவே அனுப்பினார். வேறிடத்தில் கேட்ட விலையைவிட ஆளுக்கு 350 டாலர் அதிகம். அந்தப் பூங்காவுக்காக என்று நினைத்து மகிழ்ச்சியோடு கொடுத்தோம்.

கிளேசியர் பே என்ற அந்த விரிகுடாவின் வரலாறு தெரிந்தவர்களுக்கு என் தந்தையாருடைய ஆசை புரியும். 1794-ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் கப்பல் குழுவினர் அவ்வழியே வந்தபோது அங்கே விரிகுடாவே இல்லை என்று சொல்லலாம். அதன் வாயிலையே பனிச்சுவர் அடைத்துக்கொண்டிருந்தது. 1879-இல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர் சென்றபோது அந்தப் பனி நாற்பத்தெட்டு கிலோமீட்டருக்கும் மேல் உள்வாங்கியிருந்தது. இன்று கப்பல்கள் நூறு கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே சென்றுதான் பனியாற்றின் முகப்பைக் காண முடிகிறது. அப்பகுதியின் பூர்வகுடிகளான ஹூனா டிலிங்கிட் மக்களின் முன்னோர் ஊர்கள், இதற்கெல்லாம் முன்பு அந்தப் பனி முன்னேறியபோது அழிந்தவை. இதையெல்லாம் தந்தையார் பயணத்துக்கு முன்பே படித்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார்.

கப்பல் ஏறிய பிறகுதான் உண்மை தெரிந்தது. அறைக்குள் கிடந்த நிகழ்ச்சி நிரலில் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, எந்த நாளிலும் கிளேசியர் பே இல்லை. அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்குத் தெற்கே உள்ள எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகிய கடற்கழிதான் இருந்தது. வரவேற்பு மேசையில் விசாரித்தபோது, இந்தக் கப்பலுக்கு இந்தப் பயணத்தில் அந்தப் பூங்காவுக்குள் நுழையும் அனுமதியே கிடையாது என்று அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினார். கிளேசியர் பேயில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு பெரிய பயணிகள் கப்பல்களுக்குத்தான் அனுமதி. எந்தக் கப்பல் எந்த நாளில் வரும் என்ற அட்டவணையைப் பூங்கா நிர்வாகமே பொதுவில் வெளியிடுகிறது. அதாவது முகவர் எங்களிடம் பணம் வாங்கிய நாளிலேயே, கப்பலின் பெயரையும் தேதியையும் வைத்து இரண்டு நிமிடத்தில் சரிபார்த்திருக்கலாம். நானும் சரிபார்த்திருக்கலாம், செய்யவில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடல்நாய்கள் குட்டி ஈனும் காலம் என்பதால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பனியாறு உள்ள கழி மே முதல் ஆகஸ்ட் இறுதிவரை பெரிய பயணிகள் கப்பல்களுக்கு மூடப்பட்டிருக்கும். ஆகவே, அனுமதி பெற்ற கப்பலில் சென்றிருந்தால்கூட, விளம்பரத் தாளின் இரண்டாவது படத்தில் இருந்த இடத்துக்கு ஜூன் மாதத்தில் எங்கள் கப்பல் போயிருக்க முடியாது.

எண்டிகாட் ஆர்மைக் குறை சொல்ல மாட்டேன். டோங்காஸ் தேசிய வனத்துக்குள் பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதி அது. இருபுறமும் செங்குத்தான கருங்கல் மலைகள், அவற்றிலிருந்து நூல் நூலாக இறங்கும் அருவிகள், நீலம் பாய்ந்த மிதவைப் பனிக்கட்டிகள் எல்லாம் பார்க்கத் தக்கவைதான். ஆனால் அதன் கோடியில் உள்ள டாஸ் பனியாற்றை நாங்கள் பார்க்கவில்லை. மிதவைப் பனி அடர்த்தியாக இருந்ததால், பனியாறு கண்ணில் படாத தொலைவிலேயே தலைமை மாலுமி கப்பலைத் திருப்பிவிட்டார். அவர் செய்தது சரி. முந்நூறு மீட்டர் நீளக் கப்பலைக் குறுகிய கழியில் பனிக்கட்டிகளுக்கு நடுவே யாரும் ஓட்டக் கூடாது. இங்கே இயற்கையின் மீதோ கப்பல்காரர்கள் மீதோ எனக்கு வருத்தமில்லை. திரும்ப வேண்டி வரலாம் என்ற வாய்ப்பையே சொல்லாமல், போகவே போகாத இடத்தின் பெயரைச் சொல்லிக் கூடுதல் பணம் வாங்கியவர்மீதுதான் வருத்தம். தந்தையார் மேல்தளத்தில் இரண்டு மணி நேரம் குளிரில் நின்றுவிட்டு, குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூனோவில் நடந்தது இதைவிட வெளிப்படையான மோசடி. ஹெலிகாப்டரில் ஏறிப் பனியாற்றின் மேல் இறங்கும் சுற்றுலாவுக்கு முகவர் வழியாக நால்வருக்கும் சேர்த்து 1,680 டாலர் கட்டியிருந்தோம். அன்று மேகம் மலையடிவாரம் வரை இறங்கியிருந்ததால் பறக்க முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். தென்கிழக்கு அலாஸ்காவில் இது வழக்கமான செய்தி; மழைக்காட்டுக் கரை அது. "வானிலை காரணமாக நிறுத்தினால் முழுத் தொகையையும் திருப்பித் தருவோம், உங்கள் தொகையை முன்பதிவு செய்தவருக்கே அனுப்பிவிட்டோம்" என்று அலுவலகத்தில் சொல்லி, அதற்கான தாளையும் கொடுத்தார்கள். முகவரோ, "அண்ணா, வானிலை நம் கையில் இல்லையே, அவர்கள் எதுவும் திருப்பித் தர மாட்டார்கள்" என்று எழுதினார். அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பிய பிறகு அவரிடமிருந்து பதிலே வரவில்லை.

எங்களுக்கு நேராமல் போனதும் வேறொரு குடும்பத்துக்கு நேர்ந்ததுமான ஒரு விஷயம் இவை எல்லாவற்றையும்விட முக்கியம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்காவில் ஏற்றிய பயணிகளை அமெரிக்கத் துறைமுகங்களுக்கு மட்டும் கொண்டுசென்று திரும்பக் கூடாது என்று 1886-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தடுக்கிறது. அதனால்தான் சியாட்டிலிலிருந்து புறப்படும் அலாஸ்காக் கப்பல்கள் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் கடைசி நாள் மாலையோ இரவோ சில மணி நேரம் நிற்கின்றன. அந்தச் சில மணி நேரத்துக்காக இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் கனடா விசா வேண்டும். அமெரிக்கப் பச்சை அட்டை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. "விக்டோரியாவில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிட்டால் விசா தேவையில்லை" என்று எங்கள் முகவர் சொல்லியிருந்தார். என் தங்கை பிராம்ப்டனில் வசிப்பதால் பெற்றோரிடம் ஏற்கெனவே கனடா விசா இருந்தது, தப்பித்தோம். சியாட்டில் துறைமுகத்தில் எங்களுக்கு முன் வரிசையில் நின்ற தெலுங்குக் குடும்பத்தின் வயதான தம்பதியரிடம் அது இல்லை. இறங்கவே மாட்டோம் என்று எவ்வளவு சொல்லியும் ஏற்றவில்லை. மகன் பெட்டிகளைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனதை என் தாயார் கப்பலில் தினமும் ஒருமுறையாவது சொல்லிக்கொண்டிருந்தார். அமெரிக்க விசாவும் ஒருமுறை மட்டும் நுழையும் விசாவாக இருந்தால் சிக்கல் வரலாம்; திரும்பி வருவது இன்னொரு நுழைவாகக் கருதப்படலாம்.

பால்கனி அறை என்று விற்கப்பட்டதன் முன்னால் உயிர்காப்புப் படகு தொங்கியது பற்றித் தனியாக எழுதத் தேவையில்லை. தள வரைபடத்தில் அறை எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

திரும்பி வந்ததும் நான் முதலில் படித்தது, பணம் கட்டுவதற்கு முன் படித்திருக்க வேண்டிய பயண ஒப்பந்தத்தை. செல்லும் இடங்களைக் கப்பல் நிறுவனம் எந்த நேரத்திலும் மாற்றலாம், வழக்குத் தொடர்ந்தால் அவர்கள் குறிப்பிட்ட ஊர் நீதிமன்றத்தில்தான் தொடர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இவ்வகை நீதிமன்ற நிபந்தனை செல்லும் என்று வாஷிங்டன் மாநிலத்து ஷூட் தம்பதியர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. ஆகவே கப்பல் நிறுவனத்திடம் கேட்க எனக்கு எதுவும் இல்லை. முகவர் நிலை வேறு. கலிபோர்னியாவில் பயணம் விற்பவர் மாநில அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணை விளம்பரங்களில் அச்சிட வேண்டும். எங்களுக்கு வந்த விளம்பரத் தாளில் அப்படி எந்த எண்ணும் இல்லை. தேடிப் பார்த்ததில் அவர் பெயரிலும் அவர் கடையின் பெயரிலும் பதிவு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

கடன் அட்டை வழியாகக் கட்டியிருந்ததால், அந்தத் தொகைகளைத் திருப்பித் தரக் கோரி வங்கியில் மறுப்புத் தெரிவித்தேன். ஜூனோவில் கொடுத்த தாளைப் பார்த்ததும் ஹெலிகாப்டர் தொகை 1,680 டாலரையும் ஆறு வாரத்தில் திருப்பிவிட்டார்கள். கிளேசியர் பேக்காக என்று வாங்கிய 1,400 டாலரைத் தரவில்லை. முகவர் கொடுத்த ரசீதில் "பனியாறு காணும் கப்பல் பயணம்" என்று மட்டுமே இருக்கிறது, எந்தப் பனியாறு என்று எழுத்தில் எங்கும் இல்லை, குரல் பதிவு தமிழில் இருக்கிறது என்பது வங்கியின் பதில். அந்தப் பதிவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, சான்றுறுதி பெற்று, சென்ற வாரம் மீண்டும் அனுப்பியிருக்கிறேன்.