ஒற்றை அறையா, ஒன்றிணைந்த பள்ளியா?

அமெரிக்க நாட்டுப்புறத்தில் அன்று எங்கு பார்த்தாலும் ஒற்றை அறைப் பள்ளிதான். ஒரே ஆசிரியை, எட்டு வகுப்பு. குளிர்காலத்தில் முதல் ஆளாக வந்து அடுப்பு மூட்டுவதும் பெரும்பாலும் அவர்தான். முன்பெஞ்சில் பெரிய பிள்ளைகள் பாடம் ஒப்பிக்க, வாண்டுகள் அதைக் காதில் வாங்கியே பாதி கற்றுவிடுவார்கள். எனக்கு அந்தப் பள்ளிமேல் தனிப் பிரியம்.

ஆனால் ஆய்வகம், நூலகம், உயர்நிலை வகுப்பு? அதற்குப் பல ஊர்களின் சிறு பள்ளிகளைச் சேர்த்து அமைத்த ஒன்றிணைந்த பள்ளிதான் கைகொடுத்தது. பஸ் வந்ததும் தூரம் சுருங்கியது. அந்தப் பஸ்ஸுக்கு மஞ்சள் நிறம் முடிவானது 1939 மாநாட்டில். பள்ளிகள் இணைய இணைய, 1939-40-இல் 1,17,000-க்கு மேல் இருந்த பள்ளி மாவட்டங்கள் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகப் பிரிவுகள்) இன்று சுமார் 13,000. பிள்ளைகளுக்கு வேதியியல் கிடைத்தது, உண்மை. ஊர்க்கூட்டத்துக்கும் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கும் இருந்த கூரை பல ஊர்களில் போய்விட்டது. சின்ன வகுப்புகளையாவது ஊரிலேயே விட்டிருக்கலாம்.