நெட்டாங்கு காண: நிழற்குச்சியா, நிலவா, கைத்தொலைபேசியா?

திருகோணமலையின் நெட்டாங்கு, அதாவது இங்கிலாந்தின் கிரீனிச் வழியான சுழியக் கோட்டிலிருந்து அது விலகியிருக்கும் கோணம், கிழக்கு 81 பாகை 14 கலை அளவில் இருக்கிறது (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை). கோணேசர் கோயில் வாசலில் நின்று கைத்தொலைபேசியைப் பார்த்தால் இந்த எண் சில நொடிகளில் கிடைத்துவிடும். ஒரு குச்சியையும் கடிகாரத்தையும் கொண்டும் இதைக் கணிக்கலாம். பழைய கடலோடிகளைப் போல நிலவை அளந்தும் கணிக்கலாம். மாணவர் ஒருவருக்கு நெட்டாங்கு விளங்க வேண்டுமானால் குச்சியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுழல்வதால், ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகையும் ஒரு பாகைக்கு 4 நிமிடமும் ஆகின்றன. இலங்கை நேரம் கிரீனிச்சைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. அதாவது அது 82 பாகை 30 கலை நெட்டாங்குக்கு உரிய நேரம். நாம் அந்தக் கோட்டுக்குச் சற்று மேற்கே இருப்பதால் நமது உச்சிப்பொழுது சராசரியாகக் கடிகாரத்தின் பன்னிரண்டு மணிக்குப் பிந்தியே வருகிறது. எவ்வளவு பிந்துகிறது என்று கண்டுவிட்டால் நெட்டாங்கு கைக்கு வந்துவிடும்.

உச்சிவேளையில் நிழலின் நீளம் மிக மெதுவாகவே மாறுவதால், அது மிகக் குறுகும் கணத்தைக் கண்ணால் பிடிப்பது கடினம். ஆகவே மேசன்மாரின் தூக்குக்குண்டால் நேர்பார்த்து நட்ட குச்சியைச் சுற்றி வட்டம் வரைந்து, நிழலின் நுனி முற்பகலிலும் பிற்பகலிலும் அவ்வட்டத்தைத் தொடும் நேரங்களைக் குறிக்க வேண்டும். பெப்ரவரி 11ஆம் திகதி அவை 9:30:10, 3:08:40 என்று வைத்துக்கொண்டால், நடுநேரம் 12:19:25. பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்ந்தும் இருப்பதால் சூரியன் அந்நாளில் கடிகாரத்துக்கு ஏறத்தாழ 14 நிமிடம் 14 நொடி பின்தங்கும்; அதைக் கழித்தால் 12:05:11 எஞ்சும். 5 நிமிடம் 11 நொடிக்கு 1 பாகை 17 கலை 45 விகலை. 82 பாகை 30 கலையிலிருந்து அதைக் கழிக்க 81 பாகை 12 கலை 15 விகலை வருகிறது. ஏழெட்டு நொடிப் பிழைக்கு மூன்று கிலோமீற்றரளவு விலகல்! ஒரு நொடி நமது அகலாங்கில் ஏறத்தாழ 460 மீற்றர் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் உணர்த்தாது. வடகீழ்ப் பருவமழை முகில்கள் மூடும் மாதங்களில் மட்டும் இம்முறை கைகொடுக்காது.

நிலவு முறைக்குச் சரியான கடிகாரம் தேவையில்லை. அதுவே அதன் பெருமை. விண்மீன்களிடையே நிலவு மணிக்கு அரைப் பாகையளவு நகர்வதால், நிலவே வானத்துக் கடிகார முள்ளாகிறது. ஆனால் நிலவுக்கும் ஒரு விண்மீனுக்கும் இடையிலான கோணத்தை அளப்பதில் ஒரு கலை தவறினால் நேரத்தில் 2 நிமிடம், நெட்டாங்கில் அரைப் பாகை, அதாவது நம் கடலில் 55 கிலோமீற்றர் பிழைக்கும். 1714இல் பிரித்தானிய நாடாளுமன்றம் கடலில் நெட்டாங்கு காணும் வழிக்கு அறிவித்த 20,000 பவுண் என்ற உச்சப் பரிசுக்கு வைத்த பிழை எல்லையும் அரைப் பாகைதான். ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜோன் ஹரிசனின் கடிகாரம் 1761இல் புறப்பட்ட யமேக்காப் பயணத்தில் அவ்வெல்லைக்குள் எளிதாக நின்றது. நிலவு முறையின் நீண்ட கணக்கு மாணவரைக் களைப்படையச் செய்யும் என்பதால் அதை வரலாறாக அறிந்தால் போதும்.

துல்லியத்தில் கைத்தொலைபேசிக்கு ஈடில்லை; திறந்த வெளியில் சில மீற்றருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். கடற்றொழிலுக்குப் போகும் ஒருவருக்கு நான் குச்சியைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆயினும் கைத்தொலைபேசியும் நேரத்தையே அளக்கிறது: செய்மதிகளின் அணுக் கடிகாரங்கள் அனுப்பும் குறிப்பலை எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதிலிருந்து தூரத்தைக் கணிக்கிறது. அது எண்ணத் தொடங்கும் சுழியக் கோடும் கிரீனிச் வானாய்வகத்தின் முற்றத்தில் பதித்த பழைய கோட்டில் இல்லை. அதற்குக் கிழக்கே ஏறத்தாழ 102 மீற்றர் தள்ளி, ஒரு பூங்காவின் ஊடாகச் செல்கிறது.