எச்டிஎம்ஐயா டிஸ்பிளே போர்ட்டா? கேமிங் மொனிட்டருக்கு வயர் தேடுறவைக்கு

எச்டிஎம்ஐயும் டிஸ்பிளே போர்ட்டும் பிசியில இருந்து மொனிட்டருக்குப் படம் அனுப்புற ரெண்டு வகை வயர். நான் டிஸ்பிளே போர்ட் பக்கம், அதை முதலே சொல்லிப்போட்டுத் தொடங்கிறன். கிளிநொச்சியில நான் வச்சிருக்கிறது 27 இஞ்சி 1440பி (2560 தர 1440 புள்ளி) 165 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 165 தரம் படம் மாறும்) மொனிட்டர், கிராபிக்ஸ் கார்ட் செக்கன்ட் ஹாண்டா எடுத்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1060, விளையாடுறது கூடுதலா வலரன்ட் எண்ட சுடுற கேம். இந்த செட்டப்புக்குப் பொருந்தினதைத்தான் எழுதுறன், உங்கட செட்டப் வேற எண்டா முடிவும் வேறயா வரலாம்.

பழைய வயர் வகைகளான விஜிஏ, டிவிஐ பற்றிக் கனக்கக் கதைக்கத் தேவையில்லை. நீல மண்டை வச்ச விஜிஏ அனலொக், கந்தோர் வேலைக்குக் காணும். டிவிஐயில டுவல் லிங்க் வயர் எண்டா 1080பியில 144 ஹேர்ட்ஸ் வரும், ஆனா இப்ப வாற கார்டுகளில அந்த ஓட்டையே இல்லை. யூஎஸ்பி சி லப்டொப்காரருக்கு, அதுக்குள்ளயும் ஓடுறது டிஸ்பிளே போர்ட் சிக்னல்தான், ஆனா எல்லா யூஎஸ்பி சி ஓட்டையும் படம் அனுப்பாது, பாத்து வாங்குங்கோ.

எச்டிஎம்ஐயின்ர பெரிய பலம் அது எங்கயும் கிடைக்கும். டிவிக்கு அது, டிஷ் பெட்டிக்கு அது, பிளேஸ்டேசனுக்கும் அது, அதால பரந்தன் சந்தியில ஃபோன் கவர் விக்கிற கடையிலயும் ஒரு வயர் தொங்கும். டிஸ்பிளே போர்ட் வயர் கேட்டா கடையில நிக்கிற தம்பி எச்டிஎம்ஐயைத் தூக்கி வச்சிட்டு "எல்லாம் ஒண்டுதான் அண்ணை, இதையே கொழுவுங்கோ" எண்டுவார். வவுனியாவோ யாழ்ப்பாணமோ போய்த் தேடோணும், இல்லாட்டி கொழும்பில பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் ஆரும் தெரிஞ்ச ஆள் இருந்தா வாங்கி பஸ்ஸில போட்டுவிடச் சொல்லலாம். கனடா சுவிஸில இருந்து ஆரும் வருகினம் எண்டா அவையிட்டயும் சொல்லலாம், பாரமே இல்லாத சாமான்.

இவ்வளவு அலைச்சல் ஏன் எண்டு கேப்பியள். விசயம் வயரில இல்லை, மொனிட்டருக்குப் பின்னால இருக்கிற ஓட்டையில.

எச்டிஎம்ஐ எண்டா எல்லாம் ஒரே வடிவம், ஆனா உள்ளுக்க வெர்சன் வேற வேற. 2009இல வந்த 1.4 செக்கனுக்கு அனுப்புற டேட்டா 10.2 ஜிகாபிட், 2013இல வந்த 2.0 எண்டா 18, 2017இல வந்த 2.1 ஆகக்கூடினது 48. வெளியால பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. இப்ப கணக்கைப் பாருங்கோ, 2560 தர 1440 புள்ளி, ஒரு புள்ளிக்கு 24 பிட், செக்கனுக்கு 165 தரம், எல்லாத்தையும் பெருக்கினா கிட்டத்தட்ட 14.6 ஜிகாபிட் வருது. எச்டிஎம்ஐ 2.0இல 18 எண்டு எழுதிக் கிடந்தாலும் படத்துக்கு மிஞ்சிறது 14.4 தான், மிச்சம் சிக்னலைக் கோட் பண்ணிறதுக்குப் போயிடும். அப்ப 165 ஏறாது, 144 மட்டுமட்டா ஏறும். அதே மொனிட்டரில டிஸ்பிளே போர்ட் 1.2, அது 2010இலயே வந்தது, அதில படத்துக்கே 17.28 இருக்கு, 165 சிரமமில்லாமல் ஓடுது. 1.4 எண்டா 25.92.

இதில கார்ட் எவ்வளவு நல்லது எண்டதும் உதவாது. இரணைமடுக் குளம் வான் பாயிற அளவுக்கு நிறைஞ்சு கிடந்தாலும் வயலுக்குப் போற வாய்க்கால் எவ்வளவு அகலமோ அவ்வளவு தண்ணிதானே வரும், அதே கதைதான். 1060இல இருக்கிறது எச்டிஎம்ஐ 2.0, ஆனா விலை குறைஞ்ச மொனிட்டர்களில சிலதில எச்டிஎம்ஐ 1.4 தான் வச்சிருப்பாங்கள், அதில 1440பி கொழுவினா 75 ஹேர்ட்ஸ் கிட்டத்தான் நிண்டிடும். பெட்டியில பெரிசா 165 எண்டு போட்டிருப்பாங்கள், அது டிஸ்பிளே போர்ட்டில வாற கணக்கு. 2.1 எண்டு எழுதினதையும் அப்பிடியே நம்பேலாது, 48 முழுக்க இல்லாமலே 2.1 எண்டு போட விதியில இடம் இருக்கு. அதால வெர்சன் நம்பரை விட்டிட்டு மனுவலில ஒவ்வொரு ஓட்டைக்கும் எத்தனை ஹேர்ட்ஸ் எண்டு தேடிப் பாருங்கோ.

உண்மையைச் சொன்னா 144க்கும் 165க்கும் வித்தியாசம் என்ர கண்ணுக்குப் பெரிசாத் தெரியேல்லை. அந்த 21 ஹேர்ட்ஸுக்காக மட்டும் வவுனியாவுக்கு ஓடச் சொல்லமாட்டன். ஆனா என்னை மாதிரி பழைய என்விடியா கார்ட்காரருக்கு இன்னொண்டு இருக்கு. 2019 ஜனவரியில இருந்துதான் என்விடியா ஏஎம்டியின்ர ஃப்ரீசிங்க் உள்ள சாதாரண மொனிட்டர்களிலயும் தன்ர ஜி-சிங்க்கை, அதாவது கார்டின்ர ஃபிரேமுக்கு ஏத்த மாதிரி மொனிட்டரின்ர ஹேர்ட்ஸை மாத்திறதை, ஓட விட்டது, 1060 மாதிரி 10 சீரிஸ் கார்டில அது டிஸ்பிளே போர்ட்டால மட்டும்தான் வேலை செய்யும். ஃபிரேம் ஏறி இறங்கேக்க படம் குறுக்கால வெட்டுப்படாமல் இருக்கிறது இதாலதான், 1060 மாதிரி கார்டில ஃபிரேம் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஏஎம்டி கார்ட்காரருக்கு இந்தத் தலையிடி இல்லை, ஆர்எக்ஸ் 580 வச்சிருக்கிற பெடியள் மொனிட்டரும் ஒத்து வந்தா எச்டிஎம்ஐயிலயே ஃப்ரீசிங்க் போடலாம்.

கலர் விசயமும் ஒருக்காச் சொல்லோணும். என்விடியா கார்டில எச்டிஎம்ஐ கொழுவினா சில நேரம் மொனிட்டரை டிவி எண்டு நினைச்சு லிமிட்டட் ரேஞ்சில, அதாவது கறுப்பு வெள்ளை அளவைக் குறைச்சு, அனுப்பும், கறுப்பு சாம்பலாத் தெரியும். கன்ட்ரோல் பனலில ஃபுல் எண்டு மாத்தினா சரி, இதுக்குப் போய் மொனிட்டர் பழுது எண்டு திருப்பிக் குடுக்க வேண்டாம்.

டிஸ்பிளே போர்ட்டிலயும் வில்லங்கம் இருக்கு. மண்டையில பொத்தான் இருந்தா அதை அமத்திப்போட்டுத்தான் கழட்டோணும், சும்மா இழுத்தா கார்ட் பக்கத்து ஓட்டையே உடையும். எங்கட புழுதிக்கு கேசை அடிக்கடி திறந்து துடைக்கிறதால இது முக்கியம், ஆனா அந்தக் கொழுக்கியாலதான் மேசை ஆடினாலும் வயர் கழராது, எச்டிஎம்ஐ அப்பிடி இல்லை. மலிவு வயர்கள் சிலதில மண்டைக்குள்ள இருக்கிற 20ஆவது பின்னையும் (கரண்ட் போற பின்) இணைச்சு விட்டிருப்பாங்கள், அதால மொனிட்டரில இருந்து கரண்ட் கார்டுக்கு ஏறி பிசி ஸ்டார்ட் ஆகாமலும் நிக்கும். வெசா (VESA, டிஸ்பிளே போர்ட் தரத்தைப் பாக்கிற அமைப்பு) சான்றிதழ் உள்ள வயரா, ரெண்டு மீற்றருக்கு மேல போகாமல் எடுங்கோ.

பிஎஸ்5 வச்சிருக்கிறவைக்கு நான் எழுதினது ஒண்டும் பொருந்தாது, அதில எச்டிஎம்ஐ 2.1 ஓட்டை மட்டும்தான், அல்ட்ரா ஹை ஸ்பீட் எண்டு லேபல் உள்ள வயர் வாங்கினாச் சரி. 4கே மொனிட்டர் நான் பாவிச்சதில்லை, கணக்குப்படி புதுக் கார்டும் முழு 48 வாற எச்டிஎம்ஐயும் இருந்தா டிஸ்பிளே போர்ட் 1.4ஐ விட அது ஒரு படி மேல, அந்த இடத்தில என்ர கட்சிக்கு வாங்கோ எண்டு கூப்பிடமாட்டன். எச்டிஎம்ஐ ஓட்டை மட்டும் உள்ள பிசியில இருந்து டிஸ்பிளே போர்ட் மொனிட்டருக்கு அடப்டர் தேடுறவை, சும்மா வயர் வேலை செய்யாது, யூஎஸ்பியால கரண்ட் எடுக்கிற அக்டிவ் அடப்டர்தான் வேணும், அந்தக் காசுக்கு யோசியுங்கோ.

எந்த வயர் எண்டாலும் கொழுவிறது மதர்போர்ட்டில இல்லை, கீழ இருக்கிற கார்டில. கொழுவினாப் பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில டிஸ்பிளே, அட்வான்ஸ்ட் டிஸ்பிளே போய்ப் பாருங்கோ, கனபேருக்கு அது இன்னும் 60இலயே கிடக்கும்.