பத்து வருடமாக டிவி மான்ஸ்டர் படங்கள்: என் தலைவலி அந்த இருட்டுத் திரைதான்

போன வாரம் டிவிடி பிளேயருக்கு லென்ஸ் மாற்றிக் கொண்டுவந்தேன். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, அலமாரியில் இருந்த, டிவிக்கென்றே எடுத்த அமெரிக்க மான்ஸ்டர் (பயங்கர ஜந்து) படங்களை மூன்று நாள் வரிசையாகப் போட்டேன். அந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர், "அந்த மாதிரிப் படங்களின் தொகுப்பு ஒன்று பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?" என்று கேட்டார். பத்து வருடமாகப் பார்க்கிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பட்ஜெட் குறைவு, கிராபிக்ஸ் மட்டம், பல்கேரியாவில் எடுத்துவிட்டு அமெரிக்கா என்று காட்டுவார்கள். இதெல்லாம் தெரிந்துதானே உட்காருகிறோம். 2010-இல் ரோஜர் கோர்மன் தயாரித்த 'ஷார்க்டோபஸ்' பாதி சுறா, பாதி ஆக்டோபஸ். மெக்சிகோ கடற்கரையில் பட்டப்பகலில் வந்து ஆளைப் பிடிக்கும். கிராபிக்ஸ் கடலோடு ஒட்டவே ஒட்டாது. பரவாயில்லை, அப்படி ஓர் உருவத்தை யோசித்த துணிச்சலுக்காகவே மூன்று முறை பார்த்தேன்.

என்னைப் பாடாய்ப் படுத்துவது விளம்பர இடைவேளை. இந்தப் படங்கள் இரண்டு மணி நேர ஒளிபரப்புக்காகச் செய்தவை. படம் ஏறக்குறைய 90 நிமிடம்தான், மீதி விளம்பரம். பார்க்கிறவர் சேனலை மாற்றிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு இடைவேளைக்கு முன்னாலும் ஓர் அலறல், ஒரு சாவு, உடனே திரை இருட்டு. டிவியில் அது வேலை செய்திருக்கும். டிவிடியில் விளம்பரம் கிடையாது. இருட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. யாரோ அலறுவார், இருட்டும், அடுத்த நொடி வேறொரு அறையில் இரண்டு பேர் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். செத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. பயம் ஊறுவதற்கு நேரமே கொடுப்பதில்லை. இலவச ஸ்ட்ரீமிங் தளம் ஒன்றில் பார்த்தது இன்னும் கொடுமை. இருட்டும் இடத்தை விட்டுவிட்டு, ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே விளம்பரம் வந்து விழுந்தது. இடைவேளைக்கென்றே வெட்டிவைத்த இடம் இருக்கும்போது அங்கே போட என்ன கஷ்டம்?

நியாயமாகச் சொன்னால் 'ஷார்க்நேடோ'வுக்கு இந்த வெட்டு பொருந்துகிறது. 2013 ஜூலையில் சைஃபை சேனலில் வந்தது. சூறாவளி சுறாக்களை அள்ளி லாஸ் ஏஞ்சலிஸ் மேல் கொட்டுகிறது. 2018-க்குள் ஆறு படம் ஆகிவிட்டது. அதில் யாருக்கும் அழ நேரமில்லை, கதையே ஓட்டம்தான். ஒளிபரப்பான இரவில் ஆளாளுக்கு ட்விட்டரில் எழுதித் தள்ளினார்கள். கூட்டத்தோடு பார்க்க வேண்டிய படம் அது. ராத்திரி தனியாகப் பார்த்தால் பாதி சுவை போய்விடுகிறது.

பழைய படங்களிலும் இடைவேளை உண்டு. ஆனால் இருட்டு விலகிய பிறகும் நாம் அதே பயத்துக்குள்தான் இருக்கிறோம். 1975-இல் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் வந்த 'ட்ரிலஜி ஆஃப் டெரர்' படத்தின் மூன்றாவது கதையில் ஒரு ஃபிளாட், நடிகை கேரன் பிளாக், ஒரு முழ உயரம்கூட வராத, பல்லுள்ள ஒரு பொம்மை. அவ்வளவுதான். பொம்மைக்குள் இருக்கும் ஆவியைக் கட்டிவைத்திருந்த சங்கிலி கழன்று விழுகிறது; அப்புறம் மேசையில் பொம்மையைக் காணோம், சமையலறையில் கத்தியைக் காணோம். இதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும்?

அதைவிட எனக்கு நெருக்கமானது 1972-இல் சிபிஎஸ் சேனல் ஒளிபரப்பிய 'கார்காயில்ஸ்'. கார்காயில் என்றால் கோர முகமுள்ள ஒரு பூத இனம். நியூ மெக்சிகோ பாலைவனம், ஒரு பேராசிரியர், அவர் மகள், வழியோரக் கொட்டகையில் விசித்திரமான ஓர் எலும்புக்கூடு. ராத்திரி காரில் போகும்போது கூரை மேல் ஏதோ தொம்மென்று விழுகிறது. கிராபிக்ஸ் இல்லை, ரப்பர் உடைக்குள் மனிதர்கள். அந்த ஒப்பனைக்கு, டிவி படைப்புகளுக்குத் தரும் எம்மி விருது கிடைத்தது. செய்தவர்களில் ஒருவர் ஸ்டான் வின்ஸ்டன். பிற்பாடு 'ஜுராசிக் பார்க்' படத்துக்கு டைனோசர் செய்தவர். கார்காயில்களின் தலைவனாக வரும் பெர்னி கேஸி அவ்வளவு கனமான முகத்துக்குள்ளிருந்து கண்ணாலேயே நடிக்கிறார். எத்தனையாவது முறை பார்த்தாலும், அந்த இனம் அழிந்துவிடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

சரி, வாங்கலாமா? வேண்டாம். அந்தத் தொகுப்பில் இருப்பது எல்லாமே புதியவை. மூன்று நாள் அந்த இருட்டோடு மல்லுக்கட்டிவிட்டு வந்திருக்கிறேன், இன்றைக்கு என் வாயிலிருந்து வேறு பதில் வராது. 'ஷார்க்டோபஸ்' வேண்டுமானால் என்னுடையதையே எடுத்துக்கொண்டு போகட்டும். 'கார்காயில்ஸ்' மட்டும் இரவல் கிடையாது. அதை என் வீட்டுக்கு வந்து, விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கட்டும்.