யு.எஸ்.எஸ். அரிசோனா 1:350 மாடல்: சில வருடங்கள் வைத்திருந்த பிறகு

கட்டி முடித்த கையோடு எழுதியிருந்தால் "பாகங்கள் நன்றாகப் பொருந்துகின்றன, பீரங்கிக் கோபுரங்கள் அருமை" என்பதோடு முடித்திருப்பேன். பிளாஸ்டிக் கப்பல் மாடலின் உண்மையான குணம் சில கோடைகளும் சில மழைக்காலங்களும் போன பிறகுதான் தெரிகிறது.

முதலில் இடம். அரிசோனா ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல். அசல் கப்பலின் நீளம் 185 மீட்டர், அதில் 350இல் ஒரு பங்கான மாடல் 53 செ.மீ. சாதாரண புத்தக அலமாரியில் நீளவாக்கில் நிற்கும். அகலம் 9 செ.மீ.தான், ஆனால் மாஸ்ட் (கப்பல் நடுவே நிற்கும் உயரமான கம்பம்) உயரத்துக்காக ஒரு தட்டையே கழற்ற வேண்டி வந்தது.

அந்த மாஸ்ட்டிலேயே கப்பலின் பாதி வரலாறு இருக்கிறது. 1916 அக்டோபரில் பணியில் சேர்ந்தபோது இதற்குக் கம்பிக் கூண்டு மாதிரியான மாஸ்ட்கள் இருந்தன. 1929 முதல் 1931 வரை நடந்த புதுப்பிப்பில் அவற்றை எடுத்துவிட்டு மூன்று கால் கொண்ட மாஸ்ட்கள் வைத்தார்கள். நீர்மூழ்கிக் குண்டுகளைத் தாங்க இரு பக்கமும் புடைப்பு சேர்த்தார்கள், மேல்தளக் கவசத்தைக் கூட்டினார்கள், 14 அங்குல பீரங்கிகள் இன்னும் உயரமாக நிமிரும்படி மாற்றினார்கள். மாடல் பெட்டியில் வருவது இந்தப் பிந்தைய வடிவம், அதுவும் 1941 டிசம்பர் கோலம்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது "பேர்ல் ஹார்பரில் மூழ்கியதுதானே?" என்றுதான். அதற்கு முந்தைய 25 வருடங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கோ அதுதான் சுவாரசியம். முதல் உலகப் போரில் பிரிட்டனுக்கு உதவப் போன அமெரிக்கப் போர்க்கப்பல்கள் பெரும்பாலும் நிலக்கரியில் ஓடியவை. அரிசோனா எண்ணெயில் ஓடியது, அங்கேயோ எண்ணெய்ப் பஞ்சம். அதனால் புதுக் கப்பல் ஊரிலேயே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது, போர் முடிந்த பிறகுதான் ஐரோப்பா போனது. 1919இல் ஸ்மிர்னா (இன்றைய துருக்கியின் இஸ்மிர்), 1931இல் அதிபர் ஹூவரை ஏற்றிக்கொண்டு போர்ட்டோ ரிக்கோ. மற்றபடி பயிற்சி, பராமரிப்பு, மறுபடி பயிற்சி. 1941 அக்டோபரில் பயிற்சியின்போதே ஒக்லஹோமா கப்பலோடு மோதிக்கொண்டது. இத்தனை பீரங்கிகளை வைத்துக்கொண்டு எதிரிக் கப்பல் ஒன்றின் மீது ஒரு முறைகூடச் சுட்டதில்லை.

சரி, மாடலுக்கு வருவோம். தனியாக வாங்கி ஒட்டிய மரத் தளம் முதலில் கண்ணைப் பறித்தது. இரண்டாவது மழைக்காலத்தில் முன்பக்க ஓரங்கள் எழும்பத் தொடங்கின. பல் குத்தும் குச்சி முனையில் ஃபெவிகாலைத் தொட்டு உள்ளே தள்ளி, மேலே கனமான புத்தகத்தை வைக்கவும் முடியாமல் (பீரங்கிகள் குறுக்கே நிற்கும்), விரலாலேயே அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வெயில் பட்ட பக்கம் பிளாஸ்டிக் பீரங்கிக் குழல்கள் லேசாக வளைந்துவிட்டன. பித்தளைக் குழல்கள் வாங்கி மாற்றினேன், அந்தச் செலவு நியாயமானதுதான். சூப்பர் க்ளூவில் ஒட்டிய கைப்பிடிக் கம்பிகள் தூசி தட்டும்போதெல்லாம் உதிர்கின்றன. மேக்கப் பிரஷ் மட்டும்தான் பாதுகாப்பு.

நிறத்தைப் பற்றி யாரிடமும் வாய் கொடுக்காதீர்கள். கடைசி நாளில் அடர் சாம்பலா, கடல் நீலமா என்று இன்னும் சண்டை ஓடுகிறது. நான் சாம்பல் அடித்தேன், மாற்றப் போவதில்லை.

தளம் எழும்பிய இடத்துக்குச் சற்றுப் பின்னால், இரண்டாவது கோபுரத்தின் பக்கம்தான் 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஜப்பானிய விமானங்களின் குண்டு விழுந்தது. கப்பல் பீரங்கிக் குண்டையே மாற்றிச் செய்த சுமார் 800 கிலோ குண்டு அது. கூட்டிய கவசம் அதற்குப் போதவில்லை. முன்பக்க வெடிமருந்து அறை வெடித்தது, தீ இரண்டு நாள் எரிந்தது. கப்பலில் மட்டும் 1,177 பேர் இறந்தார்கள். அன்று பேர்ல் ஹார்பரில் இறந்த அமெரிக்கர்களில் கிட்டத்தட்டப் பாதி. அட்மிரல் கிட், கேப்டன் வான் வால்கன்பர்க், கப்பலின் இசைக்குழுவினர் 21 பேரும் அதில் அடக்கம்.

அப்புறம் நடந்ததும் வேடிக்கைதான். அந்த இரண்டாவது கோபுரத்தின் பீரங்கிகளைக் கழற்றிச் சரிசெய்து நெவாடா கப்பலில் பொருத்தினார்கள். ஜப்பானியத் தீவுகளான இவோ ஜிமாவிலும் ஒக்கினாவாவிலும் நடந்த போர்களில் அவை சுட்டன. கப்பல் மூழ்கிய பிறகுதான் அதன் பீரங்கிக்குப் போர் வேலை கிடைத்தது! இதெல்லாம் தெரிந்தபின் அந்த மூன்று குழல்களை மட்டும் கொஞ்சம் மேலே நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.

வாங்கலாமா? கப்பல் மாடலில் கொஞ்சம் கை பழகியவர் என்றால் தாராளமாக வாங்கலாம். புதியவர் 1:700 அளவில் தொடங்கட்டும், ஆனால் அதில் கைப்பிடிக் கம்பிகளைத் தொடவே வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்கான பணத்தை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூண்டு மாஸ்ட் கொண்ட 1916 வடிவம் வேண்டுமென்றால் இந்தப் பெட்டி உதவாது.