சாதா குரூஸா, அடாப்டிவ் குரூஸா?

முந்தைய காரில் ஏழு வருடம் சாதா குரூஸ் கன்ட்ரோல். இப்போதைய காரில் ஒன்றரை வருடமாக அடாப்டிவ். இரண்டில் எதற்குக் காசு கொடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் அடாப்டிவ்தான்.

சாதா குரூஸ் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், காலுக்கு ஓய்வு. சாலை காலியாக இருந்தால் அதுவே போதும். முன்னால் ஒரு லாரி கொஞ்சம் மெதுவாகப் போனாலும் பிரேக் மிதிக்க வேண்டும், குரூஸ் விட்டுப்போகும், மறுபடி ரெஸ்யூம் அழுத்த வேண்டும். நாலைந்து தடவை இப்படி ஆனதும் அணைத்துவிடுவேன்.

அடாப்டிவ், ரேடாரால் முன்வண்டியைக் கவனித்து, அதற்கேற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். அதை நான் அணைக்காததற்குக் காரணம், முன்வண்டியோடு அது காக்கும் இடைவெளி. அது இடைவெளியை மீட்டரில் அல்ல, நொடியில் கணக்கிடுகிறது. 100 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் ஓடும். 2 நொடி இடைவெளி என்றால் 55 மீட்டருக்குச் சற்று மேல். வேகம் 60க்கு இறங்கினால் அதே 2 நொடி 33 மீட்டராகத் தானே சுருங்கும். கண்மதிப்பில் இதை மணிக்கணக்காகக் காப்பாற்ற என்னால் முடிந்ததில்லை. களைப்பு ஏற ஏற, முன்வண்டியை நெருங்கிக்கொண்டே போவேன்.

'இடைவெளி விட்டால் எல்லோரும் உள்ளே நுழைகிறார்களே' என்பார்கள். நுழையட்டும். ஒரு வண்டி நுழைந்தால் கார் கொஞ்சம் பின்வாங்கும். நஷ்டம் சுமார் 2 நொடி. பத்து வண்டி நுழைந்தாலும் அரை நிமிடம்கூட ஆகாது. நான் எப்போதும் இருப்பதிலேயே நீளமான இடைவெளியைத்தான் வைக்கிறேன்.

ஆனால் காலை பிரேக் பக்கத்திலேயே வைத்திருங்கள். பாலம், பெயர்ப்பலகை எல்லாமே ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் என்பதால், அதிவேகத்தில் அசையாமல் நிற்கும் பொருள்களைப் பல அமைப்புகள் கணக்கில் எடுப்பதில்லை. முன்வண்டி சட்டென்று விலகி, அதற்கு முன்னால் பழுதாகி நிற்கும் வண்டி தெரிந்தால், பிரேக் நம் பொறுப்பு. இன்னொன்று: நெடுஞ்சாலையிலிருந்து வெளியேறும் வளைவான இறங்குபாதையில் முன்வண்டி ரேடாருக்குத் தப்பிவிட்டால், கார் பழைய வேகத்துக்கு ஏறப் பார்க்கும். முதல் தடவை எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்போதிருந்து, இறங்குபாதைக்கு முன்பே அணைத்துவிடுகிறேன்.

பராமரிப்பில் சாதா குரூஸுக்கே வெற்றி. அதில் ரேடார் இல்லை, கவலையும் இல்லை. அடாப்டிவில் ரேடார் பெரும்பாலும் முன் பம்பருக்கோ கிரில்லுக்கோ பின்னால் இருக்கும். அங்கே அடிபட்டு பம்பரைக் கழற்றி மாட்டினால் கேலிபரேஷன் (ரேடாரை மறுபடி சரியாக அமைப்பது) தேவைப்படலாம். எனக்கு அந்த நிலை வரவில்லை, அதனால் அந்தச் செலவைப் பற்றி அனுபவமாகச் சொல்ல முடியாது. கனமழையில் இரண்டு முறை அடாப்டிவ் எச்சரிக்கை காட்டிவிட்டுத் தானே அணைந்துவிட்டது.

வாங்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: முழுதாக நிற்கும்வரை அது கூடவே வருமா, குறைந்த வேகத்தில் கைவிட்டுவிடுமா? சில கார்களில் 30 கி.மீ.க்குக் கீழே இறங்கியதும் பொறுப்பு நம்மிடம் வந்துவிடும். நெரிசலில் அதிகம் ஓட்டுபவர் அந்த வகையை எடுக்க வேண்டாம்.